மடங்காத காலுக்குத்தான் மதிப்பாம்

சேலம் ஆஸ்பத்திரி வராந்தாவில், பிசியோதெரபி அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். உள்ளே என் வீட்டுக்காரர் போட்ட கூச்சலில் பக்கத்துப் பெண் காதைப் பொத்திக்கொண்டாள். லாரி டிரைவர் வாயில் என்னென்ன வார்த்தை வருமோ அத்தனையும் வந்தது. காலை மடக்கிவிட்ட பையனின் அப்பா, தாத்தா ஒருவரையும் அவர் விட்டுவைக்கவில்லை.

ராசிபுரம் தாண்டி ரோட்டோரம் லாரியை நிறுத்திப் பின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். பின்னால் வந்த டிப்பர் லாரி நிற்கவில்லை. இரண்டு வண்டிக்கும் நடுவில் இடது கால் மாட்டி நசுங்கியது. கடப்பாரை போட்டு நெம்பித்தான் ஆளை வெளியே எடுத்தார்கள். தொடை எலும்பு முறிந்து சதையைக் கிழித்துக்கொண்டு நீட்டி நின்றது. முழங்கால் சில்லு (முட்டியின் மேல் மூடி போல இருக்கும் எலும்பு) நொறுங்கிப்போயிருந்தது. ரத்தம் சொட்டும் லுங்கியைச் சுருட்டி என் கையில் கொடுத்தார்கள். அடக்கித்தான் சொல்கிறேன், நேரில் பார்த்திருந்தால் உங்களுக்குச் சோறு இறங்காது.

கம்பி வைத்து, ஸ்குரூ முடுக்கி, எலும்பு கூடியது. டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார்: "எலும்பை நான் சேர்த்துட்டேன். மடக்கறது உங்க வேலை. தினமும் மடக்கலைன்னா உள்ளே ஒட்டிக்கும்." இதற்கு மூட்டு இறுக்கம் (காயம் ஆறும்போது உள்ளே நார்நாராகத் திசு வளர்ந்து மூட்டை அசையவிடாமல் பிடித்துக்கொள்வது) என்று பெயர்.

அப்போதுதான் என் கொழுந்தனார் நாமக்கல்லிலிருந்து வந்தார். லாரிக் கேஸில் தனக்குத் தெரியாதது இல்லை என்று அவருக்கு நினைப்பு. எங்கள் மனு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் (வாகன விபத்து வழக்குகளுக்கான நீதிமன்றம்) இருந்தது. மெடிக்கல் போர்டு (ஊனம் எவ்வளவு என்று அளந்து சான்று கொடுக்கும் டாக்டர்கள் குழு) இனிமேல்தான் கூப்பிட வேண்டும்.

"போர்டு முடியற மட்டும் காலை மடக்க வேண்டாமுங்க அண்ணி. மடங்காத காலுக்குத்தான் மதிப்பு. ஊனப் பர்சன்ட் ஏறும், பணமும் ஏறும். அப்பறமேல்ட்டு மடக்கிக்கலாமுங்க, கால் எங்க ஓடியா போகுது?"

வலிக்குப் பயந்து கிடந்த மனிதருக்கு வேறென்ன வேண்டும்? அன்றோடு பிசியோவுக்குப் போவதை நிறுத்தினார். நான் வாயைத் திறந்தால், "உனக்கு என்ன தெரியும், போடி" என்றார். நீட்டிய கால் நீட்டியபடியே கிடந்து உலக்கையாகிவிட்டது.

மறு பரிசோதனையில் டாக்டரம்மா காலைத் தூக்கிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. "யார் நிறுத்தச் சொன்னது? இன்னும் விட்டா மயக்கம் கொடுத்து பலவந்தமா மடக்கணும். கூடின எலும்பு மறுபடி உடையலாம்!"

அங்கிருந்து நேராக எங்கள் வக்கீலம்மாவிடம் போனேன். அவர் சொன்னதை, எங்கள் நிலையில் இருப்பவர்கள் இரண்டு தடவை படியுங்கள்.

"போர்டு காலை அளக்கும். ஜட்ஜ் பொழப்பைப் பார்ப்பார். உக்கார்ந்து எழுதறவருக்கு அந்தக் கால் எவ்வளவு வேணும், டிரைவருக்கு எவ்வளவு வேணும்னு கேப்பார். பர்சன்ட் மட்டுமே கேஸ் இல்லை. இன்னொண்ணு, பிசியோவுக்கு வரலைன்னு ஆஸ்பத்திரியில எழுதியிருப்பாங்க. 'நீயே கெடுத்துக்கிட்டியா?'ன்னு எதிர்த்தரப்பு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

வீட்டுக்கு வந்தால் கொழுந்தனார் காலாட்டிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைப் பிடுங்கிச் சுவரில் அடித்தேன். "எந்திரிங்க! உங்க காலா இருந்தா இப்படி யோசனை சொல்லுவீங்களா? போங்க வெளிய!"

மறுபடி பிசியோ தொடங்கியது. வீட்டிலும் மடக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கட்டில் விளிம்பில் உட்கார வைத்து, கணுக்காலைப் பிடித்து மெல்ல உள்ளே தள்ள வேண்டும். சொல்லிக்கொடுக்காமல் யாரும் இதைச் செய்துவிடாதீர்கள். முதல் நாள் தள்ளியதும் அவர் என்னை ஓங்கி அறைந்தார். உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. பிடியை நான் விடவில்லை. "அடிங்க மாமா. அடிச்சுக்கிட்டே மடக்குங்க" என்றேன். அந்த அடியை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. தினமும் அலறல், வாந்தி, வசவு. கால் கொஞ்சங்கொஞ்சமாகக் கீழே இறங்கியது.

போர்டு டாக்டர் "மடக்குங்க" என்றபோது அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, எவ்வளவு முடியுமோ அவ்வளவும் மடக்கினார். பர்சன்ட் குறைந்துதான் போனது. கொழுந்தனார் எங்களோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

எனக்குக் கவலையே இல்லை. கால் வந்துவிட்டது, இனி வண்டி எடுப்பார் என்று நம்பினேன். முதலாளியின் லாரியில் ஏறி உட்கார்ந்து கிளட்சை மிதித்துக் காட்டினார். நானும் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். பைபாஸில் ஏறியதும் முகத்தில் பழைய களை வந்தது. முன்னால் போன பஸ்ஸுக்காகக் கிளட்சை மிதித்து வேகத்தைக் குறைத்தார். அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு லாரி ஏர்ஹாரன் அடித்தது.

அவருடைய இடது கால் துள்ளி சீட்டுக்கு மேல் வந்துவிட்டது. வண்டி குலுங்கி நடுரோட்டில் அணைந்தது. பின்னால் வந்த லாரி பிரேக் போட்டுத் தேய்த்துக்கொண்டு எங்களை உரசி நின்றது. அதன் டிரைவர் இறங்கி வந்து கதவைக் குத்தினான். இவரோ இரண்டு கையாலும் முட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடுங்கினார்.

"நான் எடுக்கலடி. அதுவா எடுத்துருச்சு."

ஐயோ, ரத்தம் வர அடி வாங்கி மடக்கிய கால்! மனநல டாக்டர் அதைப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய கோளாறு (நடந்து முடிந்த ஆபத்தை உடம்பு இன்னும் நடப்பதாகவே நினைப்பது) என்றார். தீர்ப்பாயத்திலும் வந்து சொன்னார்.

எதிர்த்தரப்பு வக்கீல் என் வீட்டுக்காரரைக் கேட்டார்: "கால் நல்லா மடங்குது. நடக்கறீங்க, உக்கார்றீங்க. லாரி ஓட்ட என்ன கஷ்டம்?"

"மடங்குதுங்க. பின்னாடி ஹாரன் அடிச்சா என்ற பேச்சைக் கேக்க மாட்டேங்குதுங்க. அந்தக் காலை நம்பி நான் வண்டி எடுத்தா, இன்னொருத்தனும் என்னையாட்டத்தானுங்க கெடப்பான்."

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. கொழுந்தனார் பேச்சு நின்றதை மறந்து லட்டு வாங்கி வந்தார். ஜெயித்துவிட்டோமாம். இவரால் இனி லாரி ஓட்ட முடியாது என்று நீதிமன்றமே எழுதிக் கொடுத்திருக்கிறது. அதைத்தான் ஜெயித்தோம். லட்டை யாரும் தொடவில்லை.

எங்கள் வீடு நாமக்கல் ரோட்டுமேல் இருக்கிறது. இப்போது அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறார். லாரி சத்தம் கேட்டால் கால் உதறித் தட்டு கவிழும். முன்பெல்லாம் எரிந்து விழுவேன். இப்போது சத்தம் வந்தால் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கிறேன். அவரும் தட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொள்வார்.

"போயிருச்சா?"

"போயிருச்சுங்க மாமா. சாப்பிடுங்க."