மேல்தட்டில் இருந்த சீல்

குளோரியா மிஸ்ஸைப் பற்றி எழுத உட்கார்ந்தால், என்னைப் பற்றியும் கொஞ்சம் அசிங்கமாக எழுத வேண்டியிருக்கிறது. பரவாயில்லை. ரிட்டயர் ஆகப் போகிறவனுக்கு இனிமேல் என்ன பெரிய மரியாதை கெட்டுவிடப் போகிறது.

பெங்களூரு கண்டோன்மென்ட் பக்கம், மார்க்கெட்டுக்குப் பின்னால், அரசுத் தமிழ் ஆரம்பப் பள்ளி ஒன்று இருந்தது. ஐந்து வகுப்பு, இரண்டு அறை, இரண்டு ஆசிரியர். மிஸ் தலைமையாசிரியை. மிச்சம் இருந்த எல்லா வேலைக்கும் ஜெயராமன் என்கிற நான். மிஸ்ஸுக்கு வீடு ரிச்சர்ட்ஸ் டவுன் பேட்டையில். தாத்தா காலத்திலிருந்து அங்கேயே இருக்கிற குடும்பம். அப்பா டொமினிக் தபால்காரர். மிஸ்ஸுக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பத்தொரு வருஷம் கரும்பலகையில் எழுதி எழுதி வலது தோள் இறுகிப்போய், கையைக் காதுக்கு மேலே தூக்க முடியாது. பேருந்தில் நின்றுகொண்டே வருவார், வகுப்பில் நின்றுகொண்டே இருப்பார். "அலுப்பா இருக்கு சார்" என்பதை, காலை வணக்கம் மாதிரி தினமும் ஒரு தடவை சொல்லிவிட்டு வேலையை ஆரம்பிப்பார்.

ஒவ்வொரு மே மாதமும் நாங்கள் இரண்டு பேரும் வெயிலில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை கேட்போம். புத்தகம் இலவசம், சீருடை இலவசம், சாப்பாடு, பால், முட்டை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இங்கிலீஷ் மீடியமா என்று கேட்டுக் கதவைச் சாத்துவார்கள். ஒரு காலத்தில் இருநூறு பிள்ளைகள் இருந்த இடம். போன வருஷம் பத்துப் பேர். பத்துக்குக் கீழே போனால் பள்ளியை மூடி, பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளியோடு சேர்த்துவிடுவோம் என்று சுற்றறிக்கை வந்திருந்தது. ஜூலையில் ஒரு திங்கட்கிழமை அதிகாரி வந்து தலை எண்ணுவார்.

எனக்கு வேறு ஊர்க்கோடிக்கு மாற்றல் வரும், அதுதான் என் பயம். மிஸ்ஸின் பயம் வேறு. எங்கள் பிள்ளைகளின் அம்மாக்கள் ஐந்தரை மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுகிறவர்கள். அந்த ரோட்டைத் தாண்டிவிட ஆள் கிடையாது. பள்ளி போனால் நான்கு பேராவது வீட்டோடு நின்றுவிடுவார்கள் என்று மிஸ் பெயர் சொல்லியே கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

மாதம் ஒரு சனிக்கிழமை சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கூட்டம் நடக்கும். யாராவது ஒருவர் ஏதாவது பேச வேண்டும். அந்த ஜூனில் மிஸ்ஸின் முறை. பொதுக்கல்வி எங்கிருந்து வந்தது என்று பேசினார். நான் கடைசி பெஞ்சில் மசால் வடையோடு உட்கார்ந்திருந்தேன். பிறப்பைப் பார்க்காமல் எல்லாப் பிள்ளைக்கும் படிப்பு என்பதே இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் பெரிய சண்டையாம். தனிமனிதச் சுதந்திரம் பேசியவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. படிக்காதவனுக்குச் சுதந்திரம் கொடுத்து என்ன பயன், அதனால் அரசாங்கமே பள்ளி கட்ட வேண்டும் என்றது ஒரு கட்சி. எல்லாப் பள்ளியும் அரசாங்கத்தின் கையில் இருந்தால் எல்லா மண்டையும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஆகிவிடும், பிள்ளை படித்தாக வேண்டும் என்று மட்டும் சட்டம் போடு, எங்கே என்பதைப் பெற்றவர்களிடம் விடு என்றது இன்னொன்று. மிஸ் இரண்டையும் விடவில்லை.

"கதவைத் திறந்து வெக்கிறது நம்ம பொறுப்பு. உள்ள வர்றதும் வெளிய போறதும் அவங்க இஷ்டம்" என்று முடித்தார். நன்றாகவே கைதட்டினார்கள். டீ வந்துவிட்டதும் ஒரு காரணம்.

மூன்று வாரம் கழித்து, தலை எண்ணுவதற்கு முந்தின புதன்கிழமை காலையில் எல்லம்மா வந்தாள். வைட்ஃபீல்டில் ஒரு அபார்ட்மென்டில் பெருக்கித் துடைக்கிற வேலை. மகள் மமதா எங்களிடம் நான்காம் வகுப்பு, பத்துப் பேரில் ஒருத்தி. அங்கே ஒரு ஃபிளாட்டுக்கார அம்மா சொல்லி, இங்கிலீஷ் பள்ளி ஒன்றில் பாதிக் கட்டணத்தில் இடம் கிடைத்திருக்கிறதாம். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் டி.சி. கொண்டுபோகாவிட்டால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும்.

டி.சி. கேட்டு வருகிறவர்களிடம் முடியாது என்று எங்கள் தொழிலில் யாரும் சொல்வதில்லை. அது சட்டப்படி தப்பு. நாளைக்கு வாங்க என்போம். கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை, கையெழுத்துப் போடுகிறவர் மீட்டிங் போயிருக்கிறார், இப்படி ஏதாவது. பாதிப் பேர் அலுத்துப்போய் விட்டுவிடுவார்கள். முப்பது வருஷமாக நான் சொல்லிப் பழகிய பொய். அன்றைக்கும் முந்திக்கொண்டு, சீல் ஆபீசுக்குப் போயிருக்கிறது, நாளைக்கு வா என்றேன். மிஸ் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

வியாழக்கிழமையும் வந்தாள். அரை நாள் லீவு, அரை நாள் சம்பளம் போச்சு என்றாள். இந்தத் தடவை மிஸ்ஸே, நாளைக்கு வாங்க என்று சொல்லி அனுப்பினார். அவள் போன பிறகு சாக்பீஸ் டப்பாவை மூடி வைத்தார். "நாலு பேரு நின்னுடுவாங்க சார்" என்று என்னிடம் சொன்னார். நான் ஆமாம் மிஸ், நின்றுவிடுவார்கள் என்று ஊதிவிட்டேன். நாலு பேருக்காக நான் அப்படி உருகிவிடவில்லை. என் மாற்றல் எனக்கு.

வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரம் முடிந்ததும், எல்லம்மா மகள் கையைப் பிடித்துக்கொண்டே ஆபீஸ் அறைக்குள் வந்தாள். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"மிஸ், இவத்தாவது, இன்னைக்காவது கொடுத்துடுங்க. அஞ்சு மணிக்கு ஸ்கூல் ஆபீஸ் மூடிடுவாங்க."

மிஸ் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சீல் இன்னும் வரலம்மா. செவ்வாக்கிழமை வாங்க."

எல்லம்மாவின் முகம் தொங்கிப்போயிற்று. அவள் திரும்பிவிட்டாள். மமதா திரும்பவில்லை.

"மிஸ், சீல் பீரோல மேல்தட்டுல இருக்கு. இப்பத்தானே சாப்பாட்டு ரிப்போர்ட்டுக்கு எடுத்துக் குடுத்தேன்."

ஐயோ என்று ஆகிவிட்டது எனக்கு. மிஸ்ஸுக்குக் கை தூக்க வராது அல்லவா, தினமும் மத்தியானம் ஸ்டூல் போட்டு ஏறி அந்தச் சீலை எடுத்துக் கொடுப்பது இந்தப் பெண்தான். அதை நான் யோசிக்கவே இல்லை. அவள் குரலில் குற்றம் சொல்கிற தொனியே இல்லை. மிஸ் மறந்துவிட்டார்கள், ஞாபகப்படுத்துவோம் என்று நினைத்திருக்கிறாள். தெரிந்ததைப் பயப்படாமல் சொல்லு, பெரியவர்களாக இருந்தாலும் சொல்லு என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது மிஸ்தான், நான் இல்லை.

எல்லம்மா எங்கள் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு அவமானமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

மிஸ் சாவியை நீட்டினார். "எடுத்துட்டு வா கண்ணு."

மமதா ஸ்டூலை இழுத்துப் போட்டாள். மிஸ் டி.சி.யை எழுதினார். பள்ளியை விட்டுப் போகும் காரணம் என்கிற இடத்தில், பெற்றோர் விருப்பம் என்று எழுதினார். கையெழுத்துப் போட்டுச் சீலை அழுத்தினார். பிறகு எழுந்து நின்று, இரண்டு கையாலும் எல்லம்மாவிடம் கொடுத்தார்.

"பொய் சொல்லிட்டேன், எல்லம்மா. சீல் இங்கதான் இருந்துச்சு. பிள்ளைய நீங்க எங்க வேணா படிக்க வெக்கலாம். அதைத் தடுக்க எனக்கு அதிகாரம் இல்ல."

எல்லம்மா காகிதத்தை வாங்கிப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டாள். மணி இரண்டே முக்கால். மமதா வழக்கம்போல் அந்தச் சீலை ஒரு துணியால் துடைத்து, மேல்தட்டில் வைத்து, பீரோவைப் பூட்டிச் சாவியைக் கொடுத்தாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள்.

"நாளையிலருந்து யாரு மிஸ் எடுத்துக் குடுப்பாங்க? மத்தவங்கல்லாம் குட்டையா இருக்காங்களே."

நான்தான், நான் எடுத்துக் கொடுக்கிறேன், நீ போம்மா என்றேன். முப்பது வருஷத்தில் அந்த அறையில் நான் உருப்படியாகச் சொன்னது அந்த ஒன்றுதான்.

திங்கட்கிழமை அதிகாரி எண்ணினார். ஒன்பது. அந்த ஒன்பது பேரில் ஆறு பேர் ரோட்டைத் தாண்டினார்கள். மற்ற மூன்று பேரின் வீட்டுக்கு மிஸ் இன்னமும் சாயங்காலம் சாயங்காலம் போய்க் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். சீலை ஆபீசில் ஒப்படைக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. ஸ்டூல் மேல் ஏறி நான்தான் அதை எடுத்துக் கொடுத்தேன்.