அணைக்கு வெளியே மேயும் ஆடுகள்

டென்மார்க்கில், எஸ்பியர்க் நகருக்குத் தெற்கே, கடலை மறித்த மண் அணையின்மேல் நிற்கிறேன். டேனிஷ் வகுப்பு எங்களை பஸ்ஸில் ஏற்றிவந்து காட்டும் அதிசயம் இதுதான். ஒரு பக்கம் கடல் வற்றிக் கிடக்கும் சேறு, மறுபக்கம் மாடு மேயும் புல்வெளி. புல்வெளியும் முன்பு கடல்தான் என்கிறார் அணையைப் பார்த்துக்கொள்ளும் மனிதர். கடலுக்குள் சுள்ளிவேலி கட்டி, சேறு படியும்வரை வருடக்கணக்காகக் காத்திருந்து எடுத்த நிலமாம். இந்த வித்தையை ஒல்லாந்தரிடம், அதாவது டச்சுக்காரரிடம், பழகினார்களாம். ஒல்லாந்தரை எனக்கும் தெரியும். யாழ்ப்பாணத்தில் அவர்கள் கட்டிவிட்டுப்போன கோட்டைக்குள்ளிருந்து ஆமி அடித்த ஷெல்லுக்குத்தான் நான் இங்கே ஓடிவந்தேன்.

அணைக்கு வெளியே, கடற்பக்கம், சேற்றுக்கு முன்னால் உள்ள புல்லில் செம்மறிகள் குட்டிகளோடு மேய்கின்றன.

“வெள்ளம் வந்தால் இவற்றை என்ன செய்வீர்கள்?” என்று எனக்குத் தெரிந்த டேனிஷில் கேட்கிறேன்.

“எச்சரிக்கை வந்ததும் உள்ளே கொண்டுவந்துவிடுவோம். குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கவே மாட்டோம்.”

“எவ்வளவு நேரம் எடுக்கும்?”

“அரை நாள்,” என்கிறார் பெருமையாக. ஆசிரியை தலையாட்டுகிறார்.

நான் பக்கத்தில் நிற்கும் சிவம் அண்ணையிடம் தமிழில் சொல்கிறேன்.

“மனுசியையும் பிள்ளையையும் கூப்பிட விண்ணப்பம் போட்டு மூண்டு வருசமாச்சு, அண்ணை. ரெண்டும் செம்மறியெண்டு எழுதியிருக்கோணும்.”