ஊர் சொல்லாத எண்

நோயைக் கண்டுபிடிப்பது மருத்துவரின் தொழில். நோயாளியின் அட்டையைக் கண்டுபிடிப்பது எங்கள் தொழில். இரண்டில் எது கடினம் என்பதை, பதிவறைகளில் தூசு குடித்த சக எழுதுநர்களாகிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த ஒரு மருத்துவமனையில், ஐம்பதுகளின் பிற்பகுதியில் அத்தொழிலை ஏற்றேன்.

ஒருமையும் பன்மையும்

அட்டைகள் அப்போது பெயர் வரிசையில் இருந்தன. "இஸ்மாயில் மகள் ஆயிஷா, கிண்ணியா!" என்று யன்னல் வழியே அழைத்தேன். ஒருமையில் அழைத்தேன், இருவர் எழுந்து வந்தனர். தந்தை பெயர் ஒன்று, ஊர் ஒன்று. வயதோ இருவருக்கும் நிச்சயமில்லை. என் திகைப்பைக் கண்டு மூத்தவர் சொன்னார்: "நாங்க ரெண்டு பேர் எண்டு எங்களுக்குத் தெரியும் புள்ள. உங்கட அட்டைக்குத்தான் தெரியாது."

சா 112

ஆகவே எண் கொடுத்தேன். தமிழ் இலக்கணத்தில் பகுதி விகுதி பிரித்துப் படித்தவளல்லவா, எண்ணுக்கும் ஒரு பகுதி வைத்தேன்: சாம்பல்தீவுக்குச் 'சா', தோப்பூருக்குத் 'தோ', தம்பலகாமத்துக்குத் 'த'. அட்டைகளை வைக்க ஊருக்கொரு இழுப்பறை, எங்கள் பேச்சில் லாச்சி. அந்த அழகில் நானே மயங்கியிருந்தேன்.

சா 112, பார்வதி. பென்சிலின் ஊசி ஏற்றியபோது மூச்சடைத்துப் பிழைத்தவள். அட்டையின் தலையில் அதைச் சிவப்பு மையால் எழுதியிருந்தோம். பின்பு தம்பலகாமத்தில் வாழ்க்கைப்பட்டாள். ஒரு நாள் காலில் சீழ் வைத்து, காய்ச்சலில் நினைவு தடுமாறிக் கிடந்தவளைக் கணவன் தூக்கி வந்தான். பழைய கதை எதுவும் அவனுக்குத் தெரியாது. ஊர் கேட்டேன், "தம்பலகாமம்" என்றான். என் விதிப்படி 'த 40' என்று வெற்று அட்டை ஒன்று எழுதி உள்ளே அனுப்பினேன்.

சிற்றூழியர் கந்தையா யன்னலில் தலையை நீட்டினார். "அம்மா, அது சாம்பல்தீவுப் பிள்ளையெல்லோ? போன வருசம் நான்தானே தூக்கிக்கொண்டு ஓடினனான்." 'சா' லாச்சியை இழுத்தேன். சிவப்பு மை. அட்டையோடு ஓடினேன். தாதி ஊசிக்குழலில் பென்சிலினை நிரப்பி முடித்திருந்தாள். படித்தாள், ஊசியைத் தட்டில் வைத்தாள், என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "கலியாணம் முடிச்சா ஊர்தான் மாறும் அக்கா, உடம்புமா மாறும்?"

பகுதியை நீக்கியது

மூன்று வாரம் எழுத்துகளை அழித்தேன். ஒன்றிலிருந்து ஒரே தொடர். ஊர், தந்தை, கணவன் எதையும் எண் சொல்லாது. அவை அட்டையின் உள்ளே, மாறினால் திருத்தும்படி பென்சிலில். எண் மட்டும் மையில். ஒருவருக்குக் கொடுத்தது அவருக்கே. அவர் இறந்தாலும் இன்னொருவருக்கு இல்லை.

குணமடைந்து அட்டை வாங்க வந்த பார்வதி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். "என்ன மிஸ், பிறந்த ஊரும் இல்ல, புகுந்த ஊரும் இல்ல. இதில நான் மட்டும்தான் நிக்கிறன் போல."

பெயருக்கு முன்

மறு ஆண்டு, பிறந்து பத்து நாளான பெண் குழந்தையோடு வந்தாள். பெயர் கேட்டேன்.

"இன்னும் வைக்கேல்ல மிஸ். என்ர நம்பரிலயே போட்டுவிடுங்கோவன்."

"ஏலாது" என்று சொல்லி, வரிசையில் அடுத்த எண்ணைக் குழந்தைக்கு எழுதினேன். என் கையெழுத்து அன்று வழக்கத்தைவிடத் திருத்தமாக வந்தது. பார்வதி குழந்தையின் காதருகே குனிந்தாள்: "பாத்தியே குஞ்சு, மாமியவை பேருக்குச் சண்டை பிடிச்சு முடிய முந்தி, மிஸ் உன்னை ஒரு ஆளாக்கிப் போட்டா!"

பெயர்ச்சொல்லின் இலக்கணத்தை ஆண்டுக்கணக்கில் படித்த நான், ஒருவரை அவராகவே அறிய அது போதாது என்பதைப் படிக்க, பார்வதியைத் தூக்கி வந்த அன்று 'சா' லாச்சியை முதலில் திறக்காமல் விட்ட பிழை தேவைப்பட்டது.