தொட்டி வாயை மறித்த அக்கா

எங்கள் அக்கா இறைவனடி சேர்ந்து ஓராண்டாகிறது. அவரைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் சிலருடைய வாயை அடைக்கவே எழுதுகிறேன். கோபம் வந்தால் வரட்டும்.

அக்கா செலண்டார் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டிய சம்பளத்தில் வேதியியல் படித்து, மெர்லிமாவ் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அவருடைய கணவர், எங்கள் மாமா, அங்கேயே பம்புகளைக் கவனித்தார். நானும் அதே ஆலையில்தான்.

ஒரு காலை, கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிய மாமா ஏணியடியில் சுருண்டு விழுந்தார். ஓடிப்போய் எட்டிப் பார்த்தோம். குடலைப் பிடுங்கிய அழுகிய முட்டை நாற்றம் சட்டென்று நின்றது.

"நாத்தமே இல்ல லா! கேஸ் போயிடுச்சு, வாங்கடா!" என்று கத்தியபடி ஏணியில் கால் வைத்தேன். பின்னால் மூன்று பேர்.

அக்கா இரும்புக் குழாயோடு பாய்ந்து வந்தார். முதல் அடி என் முழங்கையில், எலும்பு முறிந்தது. அடுத்தவருக்கு மண்டை உடைந்தது. மற்ற இருவருக்கும் காலில் விழுந்தது.

"விடுக்கா, மாமா சாகுறாரு!"

"நாத்தம் போகலடா, உன் மூக்குதான் செத்துப்போச்சு! அது H₂S! ரெண்டு ஹைட்ரஜன், ஒரு கந்தகம். ரெண்டும் முப்பத்திரெண்டும் முப்பத்துநாலு, காத்தோட கனம் இருபத்தொம்பதுதான். மேல வராது, அடியிலயே கெடக்கும். எறங்குனா எல்லாரும் பொணம்! பொம்பா வரட்டும்!"

தொட்டி மூடியில் எழுதியிருந்த அந்தக் குறியீட்டை நாங்கள் தினமும் வெறும் எழுத்தாகத்தான் பார்த்தோம். அக்காவுக்கோ எந்த அணு, எத்தனை, என்ன கனம் என்று அந்த மூலக்கூறே கண்முன் நின்றது.

பொம்பாவின் தீயணைப்பு வீரர்கள் சுவாசக் கருவியோடு இறங்கி மாமாவின் உடலைத் தூக்கி வரும்வரை அக்கா குழாயைக் கீழே போடவில்லை. பிறகு தரையில் விழுந்து கதறினார்.

"புருஷன் சாவறத நின்னு வேடிக்க பாத்தவ" என்றீர்கள். சவத்தருகே அவருடைய கூந்தலைப் பிடித்து இழுத்தீர்கள். நான் கையை ஓங்கினேன். "விடுடா, அவங்களும்தான் அழுவுறாங்க" என்று அக்காவே தடுத்தார்.

புற்றுநோய் அவரைத் தின்றுகொண்டிருந்த கடைசி நாட்களில், "நான் செஞ்சது சரிதானடா?" என்று கேட்டார். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவரைப் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், இறுதிச் சடங்கில் துணைநின்ற அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. என்னோடு சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்த மூவரும் அன்று அக்காவிடம் அடி வாங்கியவர்கள். அவர்களுக்கு நான் நன்றி சொல்லப்போவதில்லை, கேட்கவும் மாட்டார்கள். இனி அக்காவைப் பற்றிப் பேச நினைப்பவர்கள், எங்கள் நால்வரின் பிள்ளைகளுடைய முகத்தைப் பார்த்துப் பேசுங்கள்.