இது பழுதல்ல

மிக்சி வாங்கினால் பெட்டிக்குள் நாலாக மடித்த ஒரு தாள் இருக்குமே, நாம் யாரும் படிக்காமல் அலமாரியில் விரித்துவிடுவோமே, அதை எழுதுகிறவள் என் நாத்தனார். மிக்சி, இஸ்திரிப் பெட்டி, வாட்டர் ஹீட்டர், எல்லாத் தாளும் அவள் எழுத்துதான். "யாரும் படிக்காததை எழுதறதுக்கு ஒரு சம்பளமா!" என்று என் வீட்டுக்காரர் தங்கையைக் கிண்டல் செய்யாத நாள் கிடையாது. அவள் சிரித்துக்கொண்டே தட்டைக் கழுவிவைத்துவிட்டுத் தன் பின்னறைக்குப் போய்விடுவாள்.

தாளை அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால், ஒன்றும் தெரியாத ஆளிடம் கொடுத்துச் சோதிக்க வேண்டுமாம். அந்த ஒன்றும் தெரியாத ஆள் நான்தான். தாளில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் செய்ய வேண்டும், சொந்தப் புத்தியைச் சேர்க்கக் கூடாது. ஒரு தடவை, தக்காளியைப் போடவும், குமிழைத் திருகவும் என்று எழுதியிருந்தாள். மூடியை மூடவும் என்று இல்லை. நானும் மூடவில்லை. என்னை ஏன் முறைக்கிறீர்கள்? எழுதியிருந்தால் மூடியிருப்பேன். சமையலறைக் கூரையில் அந்தச் சிவப்புக் கறை இன்னும் இருக்கிறது. அன்றிலிருந்து வீட்டில் அவளுக்கு மூடி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

மாமனாரும் மாமியாரும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு சூட்கேசும் ஒரு பழைய கம்ப்யூட்டருமாக எங்களோடு இருக்க வந்தாள் மூடி. நான் கல்யாணமாகி வந்த புதுசு. "நாத்தனார் கூடவா? ஜாக்கிரதைடி" என்று என் அக்கா போனிலேயே பயமுறுத்தினாள். பேசினால்தானே சண்டை வரும்? நான் காலையில் திறந்த வாயைத் தூங்கும்போதுதான் மூடுவேன். அவள் நாள் முழுக்கப் பேசியதை ஒரு தீப்பெட்டிக்குள் அடைத்துவிடலாம். வரன் வந்தபோதெல்லாம், இன்னொரு கரண்டி சோறு வேண்டாம் என்பதுபோல, "வேண்டாம் அண்ணி" என்றாள். ஒரு நாள் வீடு கொள்ளாமல் உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். குளியலறைக்குப் போனவள் வெகுநேரம் வரவில்லை. பதறிப்போய்க் கதவைத் தட்டித் தள்ளிப் பார்த்தால், அம்மணி வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறாள்! அவளை எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அப்பேர்ப்பட்டவள் ஒரு நாள் சாப்பாட்டின் நடுவில், "ஆபீசுக்குப் பக்கத்துல ஒரு ரூம் பார்த்திருக்கேன். அடுத்த மாசம் போறேன்" என்றாள். என் வீட்டுக்காரர், கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று அவள் சொன்னதுபோல, "சரிம்மா" என்றார். நான் பாதிச் சாப்பாட்டோடு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

முன்னறையில் தையல் மெஷின் போட்டுப் பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது என்று எனக்கும் ஒரு தொழில் உண்டு. சேதி எப்படித்தான் பரவியதோ, ஜன்னல் திரை தைக்கக் கொடுத்த டீச்சரம்மா துணியைவிட்டு என் முகத்தையே பார்த்தாள். "உங்க நாத்தனார் தனியா போறாங்களாமே? பாவம், என்ன பிரச்சினையோ!" அந்தப் 'பாவம்' சுருக்கென்று குத்தியது. திரையைக் கோணலாகத் தைத்துக் கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். செய்யவில்லை, தொழில் தொழில்தான்.

ஊர் வாய் கிடக்கட்டும். நான்தான் அவளைத் துரத்திவிட்டேனோ என்பதுதான் என்னைக் குடைந்தது. கதவைத் தட்டாமல் நுழைவேன். அவள் எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து தெருக்கதை எல்லாம் அளப்பேன். போதாததற்கு இந்த விளக்குப் பைத்தியம் வேறு. ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் எனக்குக் கை நமநமக்கும். மூடி தண்ணீர் குடிக்க எழுந்து போனால் போதும், திரும்பி வருவதற்குள் அவள் அறை இருட்டாகியிருக்கும். ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கேட்டுவிடலாம்தான். ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? கேட்காமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அப்போதுதான் வந்து நின்றாள். "அண்ணி, ஒண்ணு சோதிச்சுப் பார்க்கணும்."

"என்னடி, இஸ்திரிப் பெட்டியா?"

"விளையாட்டு."

வருஷக்கணக்காக அந்தப் பின்னறையில் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டை எழுதிக்கொண்டு இருந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது, பாருங்களேன்! படமும் இல்லை, சத்தமும் இல்லை. கறுப்புத் திரையில் எழுத்து வரும். நாம் எங்கே இருக்கிறோம் என்று அது சொல்லும். என்ன செய்கிறோம் என்று நாம் தட்டினால், அதனால் என்ன நடந்தது என்று சொல்லும்.

"இதுக்கு நான் எதுக்கு? ஆபீஸ்ல பசங்க இல்ல?"

"அவங்க எல்லாம் சரியா விளையாடறாங்க அண்ணி. தப்பா விளையாட உங்கள விட்டா ஆள் கிடையாது."

இது பாராட்டா, திட்டா என்று விளங்காமலே உட்கார்ந்தேன். திரையில் எழுத்து வந்தது.

'தாங்கள் ஒரு விண்வெளி நிலையத்தில் இருக்கிறீர்கள். கீழே இருந்த கிரகத்தை யாரோ இரவல் வாங்கிச் சென்றுள்ளனர். தாங்கள் தனியாக இருக்கிறீர்கள். இது பழுதல்ல.'

"என்னடி இது, ஹீட்டர் தாள் மாதிரியே இருக்கு?"

"எனக்கு வேற மாதிரி எழுத வராது அண்ணி."

தனியாக இருக்கிற ஜீவனிடம் முதலில் என்ன கேட்பார்கள்? 'சாப்பிட்டியா?' என்று தட்டினேன். 'புரியவில்லை. வேறு சொற்களில் கூறவும்' என்றது. சாப்பாடு புரியவில்லையாம், என்ன ஜென்மமோ! போ, எடு, திற, அணை, இப்படிச் சொன்னால்தான் புரியும் என்று மூடி விளக்கினாள்.

போனேன். ஓர் அறையில் மழை நாற்காலியில் உட்கார்ந்து தன் முறைக்காகக் காத்திருந்தது. ஒரு நடையில் என் காலடிச் சத்தம் எனக்கு முன்னால் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவைத்தது. இன்னோர் அறையில் ஒரு தொலைபேசி, யாரும் கூப்பிடாததால் நன்றாகத் தூங்கிக் கொழுத்துக் கட்டில் அளவு வளர்ந்திருந்தது. நிஜமாகச் சொல்கிறேன், எனக்குப் பிடித்திருந்தது. ஒன்றே ஒன்றைத்தான் பொறுக்க முடியவில்லை. எல்லா அறையிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, ஓர் ஆள்கூட இல்லாமல்! ஒவ்வோர் அறையை விட்டுக் கிளம்பும்போதும் 'விளக்கை அணை' என்று தட்டிவிட்டுத்தான் கிளம்பினேன்.

"அண்ணி, அது வந்து..." என்று இழுத்தாள் மூடி.

"என்ன? தப்பா விளையாடத்தானே கூப்பிட்ட?"

கடைசி விளக்கையும் அணைத்தேன். திரை கறுத்துவிட்டது. எதைத் தட்டினாலும் புரியவில்லை என்றுகூட வரவில்லை.

"என்னடி ஆச்சு?"

"விளக்கு எரியற வரைக்கும்தான் அந்த ரூம் இருக்கும். அப்படித்தான் எழுதியிருக்கேன். நிலையத்தையே காலி பண்ணிட்டீங்க அண்ணி. இப்ப நீங்க இருக்கறதுக்கே இடம் இல்ல!" சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்கு எங்கிருந்துதான் அந்த அழுகை வந்ததோ.

"இங்கயும் இதத்தானேடி பண்ணேன்? உன் விளக்க அணைச்சு அணைச்சு, நீ இருக்கறதுக்கு இடமில்லாமப் பண்ணிட்டேன். அதனாலதானே போற?"

மூடி சிரிப்பை நிறுத்தினாள்.

"சின்ன வயசுலேருந்தே எனக்குத் தனியா இருந்தாத்தான் நல்லா இருக்கும் அண்ணி. ஏதோ உடைஞ்சு போச்சுன்னு ஆளாளுக்கு ரிப்பேர் பண்ண வந்தாங்க. நீங்க மட்டும் வரல. நீங்க பாட்டுக்கு வந்து பேசுவீங்க, விளக்க அணைப்பீங்க, போயிடுவீங்க. உங்க மேல கோவம்னா இவ்வளவு நாள் இருந்திருப்பேனா?"

"அப்ப ஏன்டி போகணும்?"

"எனக்குன்னு ஒரு கதவு வேணும். நானே பூட்டி, நானே திறக்கிற கதவு. அவ்வளவுதான்."

பாதி நம்பினேன். பாதி, அழுகிறவளைத் தேற்றச் சொன்னதாகத்தான் பட்டது. யார் மனசையும் நோகடிக்கத் தெரியாத பெண் அவள்.

சொன்னபடி போய்விட்டாள். அண்ணன்காரர் சூட்கேசைத் தூக்கிக்கொண்டு கூடவே போய்விட்டு வந்தார். பழைய கம்ப்யூட்டரை எங்களுக்கு விட்டுப்போயிருந்தாள். பின்னறையில் அணைப்பதற்கு விளக்கே இல்லாமல் என் கை சும்மா கிடந்தது. கூப்பிடாமல் அவள் அறைக்குப் போவதில்லை என்று வீம்பாக இருந்தேன். அவளோ பிறந்ததிலிருந்து யாரையும் எங்கும் கூப்பிட்டவள் இல்லை. விளங்கினாற்போலத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பேன்ட்டுகளை வெட்டித் தள்ளினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனில் அவளிடமிருந்து சேதி வந்தது. 'திருத்திட்டேன். சோதிச்சுப் பாருங்க.'

வீட்டுக்காரர் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தார். 'சாப்பிட்டியா?' என்று ஆரம்பித்தேன். 'ஆயிற்று' என்றது. பரவாயில்லை, அந்த மட்டுக்கும் புத்தி வந்திருக்கிறது. பிறகு பழையபடி ஒவ்வோர் அறையாக அணைத்துக்கொண்டே வந்தேன். மழை போயிற்று, தொலைபேசி போயிற்று. கடைசியில், போன தடவை இல்லாத ஒரு சின்ன அறை இருந்தது. ஒரு கட்டில், ஒரு ஜன்னல், இரண்டு நாற்காலிகள் என்றது. தனியாக இருப்பவளுக்கு எதற்கு இரண்டு நாற்காலி? 'விளக்கை அணை' என்று தட்டினேன்.

'இந்த விளக்கை அணைக்க இயலாது. அண்ணி வரும் வரை இது எரியும். இது பழுதல்ல.'

கண் கலங்கி எழுத்து தெரியவில்லை. துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை தட்டினேன். அதே பதில்தான். போனை எடுத்தேன்.

"ஏண்டி, பட்டப்பகல்ல எதுக்குடி விளக்க எரிய விட்டிருக்க?"

மூடி சொன்னாள்.

"வந்து அணைச்சுட்டுப் போங்க அண்ணி."

டீச்சரம்மாவின் ரவிக்கை ஊசிக்கடியிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.