தொண்டை என்ன கடைக் கதவா?

வகுப்பில் பாடிக்காட்டும்போது மேல் சட்ஜத்தில், அந்த உச்ச 'ஸ'வில், குரல் வரவில்லை. காற்றுதான் வந்தது. நான் வேண்டுமென்றே நிறுத்தியதாக நினைத்து, பிள்ளைகள் தாங்களே அந்த வரியைப் பாடி முடித்தார்கள்.

நான் கண்டியில் வாய்ப்பாட்டு படிப்பிக்கிறவன். கம்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கே திறந்தவெளியில் ஆடும் காமன் கூத்தில் பாடிப் பழகிய தொண்டை. அங்கே மைக் கிடையாது. தப்பு மேளச் சத்தத்துக்கு மேலே கேட்டால்தான் பாட்டு. பிறகு முறையாகச் சங்கீதம் படித்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. என் வகுப்பிலும் கடைசி வரிசைக் கதிரைக்கும் கேட்க வேண்டும். தொண்டை கட்டினால் மேலும் பாடித்தான் திறக்க வேண்டும். பாட்டுக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் மடத்தனம் இது.

கட்டிய தொண்டையோடு மாதக்கணக்கில் பாடினேன். மிளகு, அதிமதுரம், கொத்தமல்லித் தண்ணீர். உங்களுக்குத் தொண்டை கட்டினாலும் கொண்டுவந்து தருவார்கள். குடியுங்கள். ஆனால் அதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

மேல் சட்ஜம் போன பிறகுதான் டொக்டரிடம் போனேன். அவர் மூக்கு வழியாக மெல்லிய கமராக் குழாயை விட்டுத் திரையைக் காட்டினார். இடது குரல்நாணில் (தொண்டைக்குள் அதிர்ந்து ஒலி எழுப்பும் மடிப்பு) ஒரு பொலிப் (சதைமுளை).

"கத்தித்தானே படிப்பிக்கிறீங்க மாஸ்டர்?"

"கத்துறதில்ல டொக்டர். பாடுறேன்."

"ஒங்கட தொண்டைக்கு அந்த வித்தியாசம் தெரியல்லயே."

மறுபடி பாட வருமா என்று கேட்டேன். "வரும். பழைய மாதிரி வருமெண்டு சொல்ல மாட்டேன்" என்றார். கோபம் வந்தது. ஆனால் ஆறுதல் சொன்ன மற்ற எல்லோரையும்விட அவர்தான் உதவினார்.

பொலிப்பை வெட்டியெடுத்த சத்திரசிகிச்சைக்குப் பிறகு சில நாள் பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது, அதுவும் குரல்நாணை வருத்தும். நான் கிசுகிசுத்தேன். மனைவி கமலா விடவில்லை.

"வாய மூடுங்க. இத்தன வருஷத்துல இப்பதான் இந்த வீட்டுல ரேடியோ கேக்குது."

வகுப்பை நிறுத்தவில்லை. சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டுத் தாளம் மட்டும் தட்டினேன். என் குரலைப் பிடித்துக்கொண்டே பாடியவர்கள் தடுமாறினார்கள். மதுஷா என்ற பிள்ளை எழுந்து வந்து, நான் வைத்த சுருதியை அரைக் கட்டை குறைத்தாள். பேச முடிந்திருந்தால் ஏசியிருப்பேன். முடியாததால் அவள் பாடியதைக் கேட்டேன். அவள் குரல் இழுபடாமல் போனது. இத்தனை நாளும் அவளுக்கு மேலே நான் பாடிக்கொண்டிருந்ததால் இது எனக்குக் கேட்கவே இல்லை.

பேசலாம் என்றான பிறகு குரல் சிகிச்சையாளர் தண்ணீரில் ஸ்ட்ரோவை (உறிஞ்சு குழாய்) வைத்து ஊதியபடி ஒலி எழுப்பச் சொன்னார். குமிழியிலிருந்து தொடங்கினேன். முதல் பாடமான சரளி வரிசைக்கு வந்த புதுப் பிள்ளையைவிடக் கீழே.

போன மாதம் மதுஷா கட்டிய தொண்டையோடு வந்தாள். பாட விடாமல் உட்கார வைத்தேன். கூட்டிப்போக வந்த அவளுடைய அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"பாட்டு கிளாசுக்கு வந்து பாடாம இருக்கவா சேர்? பாடினாத்தானே தொண்ட தொறக்கும்?"

"தொண்ட என்ன கடைக் கதவா, தள்ளித் தொறக்க? கேட்டுக்கிட்டு இருக்கட்டும்."

மேல் சட்ஜம் எனக்குத் திரும்பவில்லை. காலையில் ஒரு குரல் இருக்கிறது, பின்னேரம் அதில் பாதி. வகுப்பு முடியும் நேரம் சுவரில் இருக்கும் மணிக்கூட்டுக்கு முன்பே என் கழுத்துக்குத் தெரிந்துவிடுகிறது. அப்போது பாடுவதை நிறுத்திக் கையைத் தூக்குகிறேன். பிள்ளைகள் மிச்சத்தைப் பாடுகிறார்கள்.