ஏழு வீட்டில் பெண் பார்த்த கதை

நாலு பேர் முகத்தைப் பார்த்து எனக்குப் பேச வராது. அப்படிப்பட்ட என்னைத்தான் அறுபதுகளின் கடைசியில் பென்னாகரத்து நாடக மன்றத்தார் காட்சிகளுக்கு நடுவே மேடையேறிச் சிரிப்புக் கதை சொல்லும் காமிக் பார்ட்டுக்குப் பிடித்துப் போட்டார்கள். நான் வேலை பார்த்த சைக்கிள் கடையில் என் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்கள் அவர்கள். பஞ்சர் ஒட்டும்போது தலை குனிந்திருக்கும். அப்போது மட்டும் வாய் தாராளமாக வரும். சொல்யூஷன் காயும்வரை சைக்கிள்காரரும் எங்கும் போக முடியாது.

அங்கேயே என் சரக்கைத் தயார் செய்தேன். ஒரே கதையை ஒருவரிடம் நீட்டுவேன், அடுத்தவரிடம் சுருக்குவேன். சிரிப்பு வந்த இடத்தை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவேன். அடுத்தவர்களைப் பற்றிச் சொன்னால் 'உம்' கொட்டினார்கள். நான் பெண் பார்க்கப் போன கதைக்குத்தான் சிரித்தார்கள். ஏழு வீடு போய் ஒன்றும் அமையவில்லை. சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். கூட வந்த என் மாமாவோ பசி தாங்காதவர். "பையன் தங்கமுங்க" என்பார். கண் வடைத் தட்டிலேயே இருக்கும். அதை நடித்துக் காட்டுவேன்.

நாடகத்துக்குப் பத்து நாள் இருக்கையில் ஏரியூர்ப் பக்கம் எட்டாவது வீடு பார்த்தோம். எனக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. அவர்களும் சம்மதம் என்று சொல்லியனுப்பினார்கள். குடும்பத்தோடு நாடகம் பார்க்க வருவதாகவும் சேர்த்துச் சொல்லியனுப்பினார்கள்.

"அந்தக் கதையச் சொன்னே, இதுவும் போச்சுடா" என்றார் மாமா. "ஏழு வூட்டுல வேண்டாம்னவனான்னு கேப்பாங்க."

வேறு கதைகளைக் கடையில் சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. "என்ன தம்பி, ஒடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்டார் ஒருவர்.

மேடையில் என் புதுக் கதை இரண்டு வரியிலேயே படுத்துவிட்டது. "எறங்குப்பா" என்று கூட்டத்தில் குரல் வந்தது. பயத்தில் வாய் தானாக முதல் வீட்டுக்குப் போனது. அப்புறம் ஏழு வீடும் வந்துவிட்டன. கூட்டம் குலுங்கிச் சிரித்தது. ஏரியூர்க்காரர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் நான் திரும்பவே இல்லை.

மறுநாள் பெண்ணின் அப்பா கடைக்கே வந்துவிட்டார். டியூபைப் போட்டுவிட்டு எழுந்து நின்றேன்.

"ஏழு வூட்டையும் சொன்னீங்க. எங்க வூட்ட மட்டும் ஏன் விட்டீங்க?"

"மரியாதைக்குத்தானுங்க..."

"எம் மக கேட்டுட்டு வரச் சொன்னா. நீங்க வெளிய நடந்ததத்தான் சொல்றீங்களாம். உள்ள நடந்தது உங்களுக்குத் தெரியாதாம். அன்னிக்கு எங்க வூட்டுல வெச்ச தட்டு அத்தனையும் பக்கத்து வூட்டுதுங்க. வடை மொத்தமே ஆறுதான். உங்க மாமா பாத்த பார்வைக்கு எங்க எடுத்துருவாரோ, அப்புறம் பத்தாதேன்னு பயந்து, கதவுக்குப் பின்னால பொம்பளைங்க சாமி கும்பிட்டாங்களாம்."

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். "இதையும் சேத்துக்கச் சொன்னா. நிச்சயத்துக்கு நாளு பாத்தாச்சுங்க."

முக்காலியைத் துடைத்து அவரை உட்கார வைத்தேன்.

"கதவுக்குப் பின்னால யார் யாரு, எப்படி நின்னாங்கன்னு கொஞ்சம் சொல்லுங்க மாமா" என்றேன். அவரை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.